சாறு ஒன்று, வழி இரண்டு: குலசேகரன்பட்டினத்துக் கருப்பட்டி

ஓர் ஊரின் பெயர் அவ்வூரில் உண்டாகும் பொருளோடு ஒட்டிக்கொள்வது உலக வழக்கம். பத்தமடை என்றதும் கோரைப்பாய் நினைவுக்கு வருகிறது. ஆத்தூர் என்றதும் தாமிரபரணிப் பாய்ச்சலில் வளர்ந்த வெற்றிலையும், கோவில்பட்டி என்றதும் கடலை மிட்டாயும் கண்முன் நிற்கின்றன. அவ்வாறே உடன்குடி என்றதும் கருப்பட்டி. இப்பெயர்களை எந்தத் தனி முதலாளியும் விலை கொடுத்து வாங்கவில்லை. பல தலைமுறை உழைப்பாளிகள் கைத்திறனாலும் நாணயத்தாலும் சிறுகச் சிறுக ஈட்டிய சொத்து அது. நிலத்திற்குப் பட்டாதாரர் உண்டு. தறிக்கு உடையவர் உண்டு. ஊர்ப் பெயருக்கோ ஊரார் அனைவரும் உடையவர். பொதுச் சொத்தைக் காப்பது ஒருவரால் ஆகும் காரியமன்று. ஆதலின் ஒரு பொருளின் நற்பெயரைக் காப்பது கூட்டுறவுச் சங்கங்களுக்கு உரிய முதற்கடமைகளுள் ஒன்று என்பது நமது துணிபு. அக்கடமையைக் குலசேகரன்பட்டினத்துப் பனஞ்சாற்றை முன்னிட்டு நம் அங்கத்தினர்களோடு ஆராய விரும்புகிறோம்.

ஊரும் மரமும்

திருச்செந்தூருக்கும் மணப்பாட்டுக்கும் இடையே கடலோரத்தில் அமைந்தது குலசேகரன்பட்டினம். பாண்டிய மன்னர் குலசேகரரின் பெயரால் இவ்வூர் வழங்குவதாகக் கூறுவர். முன்னாளில் கப்பல் வந்து தங்கிய துறை இது. தசராத் திருநாளில் முத்தாரம்மனை வழிபடப் பல இலட்சம் மக்கள் கூடும் தலமும் இதுவே. 1942-ஆம் ஆண்டுச் சுதந்திரப் போராட்டத்தில் இவ்வூர் உப்பளத்தில் நிகழ்ந்த கிளர்ச்சியும், அதன்மேல் நடந்த சதி வழக்கும் தேச வரலாற்றில் இடம் பெற்றவை. அண்மையில், 2024-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள், நாட்டின் இரண்டாவது ராக்கெட் ஏவுதளத்துக்கு இப்பகுதியில் அடிக்கல் நாட்டப்பெற்றது. தெற்கு நோக்கிச் செலுத்தும் ராக்கெட் இலங்கைத் தீவைச் சுற்றி வளைந்து செல்ல வேண்டாத இடம் இது என்பதே அதற்குக் காரணம்.

இத்துணைப் பெருமைகளுக்கும் முன்பிருந்தே இவ்வட்டாரத்து மக்களுக்குச் சோறு போட்டது பனை. தாமிரபரணியின் கால்வாய்கள் பாயும் இடங்களில் நெல்லும் வாழையும் வெற்றிலையும் உண்டு. அந்நீரின் கடைக்கோடியைத் தாண்டித் தெற்கே வந்தால் செம்மணல் தேரிகளும் வெண்மணல் மேடுகளுமே காணப்படும். மழை குறைவு, காற்று மிகுதி. வேறு பயிர் வாடும் மண்ணில் பனை மட்டும் வேரை ஆழச் செலுத்தி நின்றது. குலசேகரன்பட்டினம், மணப்பாடு, சாத்தான்குளம், திசையன்விளை ஆகிய ஊர்களைச் சூழ்ந்த பனங்காடுகள் இவ்வாறு உண்டானவை. இவ்வட்டாரத்துக் கருப்பட்டி உடன்குடிச் சந்தையில் கூடி, உடன்குடிக் கருப்பட்டி என்னும் பெயரோடு வெளியூர் செல்வது நெடுநாளைய வழக்கம்.

பனையேறியின் நாள்

கருப்பட்டியை உண்பவர் பலர். அது உண்டாகும் விதத்தை அறிந்தவர் சிலர். நம் நெசவாள அங்கத்தினர்களுக்குப் பாவு தோய்வதும் விழுது கட்டுவதும் கைவந்தவை. அதுபோலவே நுட்பமான வேலை பனையேற்றம் என்பதை அவர்கள் அறிந்துகொள்ளல் நலம்.

பங்குனி முதல் ஆடி வரை பதனீர்ப் பருவம். ஆண் பனையை அலகுப்பனை என்றும் பெண் பனையைப் பருவப்பனை என்றும் இப்பகுதியார் வழங்குவர். இரண்டிலும் பாளை வரும். இரண்டிலிருந்தும் சாறு இறக்கலாம். பாளை முற்றும்முன் அதைக் கடிப்பினால் இதமாக நசுக்கிப் பதப்படுத்த வேண்டும். ஒரே நாளில் முடியும் வேலையன்று இது. பல நாள் மீண்டும் மீண்டும் செய்யவேண்டும். அழுத்தம் மிகுந்தால் பாளை கருகும். குறைந்தால் சாறு சுரக்காது. பின்னர்ப் பாளையின் நுனியை மெல்லிய சீவலாகச் சீவிக் கலயத்தைக் கட்டுவர். காலையும் மாலையும் ஏறி, நுனியை மறுபடி சீவிவிட வேண்டும். ஒரு வேளை தவறினால் வெட்டுவாய் காய்ந்து சுரப்பு குன்றும். எனவே பருவம் முழுதும் பனையேறிக்குத் திருநாளும் இல்லை, ஓய்வுநாளும் இல்லை.

ஒரு பனையேறி நாள்தோறும் முப்பது நாற்பது மரம் பார்ப்பது வழக்கம். இருவேளையும் கூட்டினால் அறுபது எண்பது தடவை ஏறி இறங்குகிறார். காலில் தளைநார், இடுப்பில் பாளை அரிவாளைத் தாங்கிய பெட்டி, சாற்றைச் சேர்க்கக் குடுவை. நெஞ்சும் முழங்காலும் மரத்தோடு உராய்ந்து காய்த்துப் போகின்றன. கால் சறுக்கினால் உயிருக்கே ஆபத்து. மேலும் அவர் ஏறும் மரம் பெரும்பாலும் அவருடையதன்று. மரத்துக்கு உடையவருக்குப் பங்கோ குத்தகையோ கொடுத்தாக வேண்டும்.

விடிலியும் அடுப்பும்

மரத்தின்மேல் ஆடவர் உழைப்பு. மரத்தின்கீழ்ப் பெண்டிர் உழைப்பு. பனங்காட்டிலேயே பருவகாலத்துக்கென ஓலையால் வேய்ந்த குடிசையை விடிலி என்பர். பனையேறி கொணரும் பதனீரை அங்கே துணியால் வடிகட்டித் தாச்சியில் ஊற்றிக் காய்ச்சுவர். எரிபொருள் பனையிலிருந்தே கிடைக்கும் காய்ந்த மட்டையும் ஓலையும் சில்லாட்டையுமாம். நுரை பொங்கி வழியும் தறுவாயில் தட்டிய ஆமணக்கு விதை சிறிது இட்டால் பொங்கல் அடங்கும்.

சாறு சுண்டிக் கூப்பனியாகும். மேலும் சுண்டிப் பாகு முறுகும். பாகு பதமாயிற்றா என அறிய ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிப் பார்ப்பர். உருண்டு திரண்டால் பதம். கரைந்தால் இன்னும் ஆகவில்லை. அப்பதம் தப்பினால் ஒன்று கருப்பட்டி இளகிப் போகும், அல்லது கருகிக் கசக்கும். தாச்சியை இறக்கித் துடுப்பால் கிண்டிச் சிரட்டைகளில் வார்ப்பர். ஆகையால்தான் கருப்பட்டி அரைத் தேங்காய் வடிவில் இருக்கிறது. ஏறத்தாழ எட்டு முதல் பத்து லிட்டர் பதனீர் காய்ச்சினால் ஒரு கிலோ கருப்பட்டி கிடைக்கும். பாகைச் சுக்கு முதலியன சேர்த்து வார்த்தால் சில்லுக் கருப்பட்டி. சுண்டிய பாகைப் பானையில் ஊற்றிப் பல வாரம் அசையாமல் வைத்தால் பனங்கற்கண்டு. இத்தனைக்கும் அளவுகோல், வெப்பமானி ஒன்றும் இல்லை. காய்ச்சும் பெண்ணின் கண்ணும் விரலுமே கருவி.

சுண்ணாம்பு செய்யும் வேலை

ஒரே பாளையிலிருந்து ஒரே சாறுதான் வடிகிறது. அது பதனீராவதும் கள்ளாவதும் கலயத்தின் உட்புறத்தில் தடவும் சுண்ணாம்பைப் பொறுத்தது. சாற்றில் நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பங்கு சர்க்கரை உண்டு. காற்றிலும் கலயத்திலும் உள்ள நொதிகள் இச்சர்க்கரையை உண்டு சாராயச் சத்தாக மாற்றுகின்றன. வெயில் ஏற ஏற இம்மாற்றம் விரைவுபடும். சுண்ணாம்பு சாற்றின் புளிப்பை நீக்கி நொதிகளை அடக்குகிறது. அதனால் சாறு இனிப்பாகவே நிற்கிறது. சுண்ணாம்பு குறைந்தால் சாறு புளித்துப் பாகு கட்டாது. மிகுந்தால் கருப்பட்டி நிறமும் சுவையும் கெடும். ஒரு விரல் சுண்ணாம்பில் ஒரு குடும்பத்தின் நாள்கூலி அடங்கியிருக்கிறது என்றால் மிகையாகாது.

இவ்விரு வழிகளில் எது வேண்டும் என்பதைச் சர்க்காரின் சட்டமும் முடிவுசெய்து வந்தது. 1937-ஆம் ஆண்டு சேலம் ஜில்லாவில் தொடங்கிய மதுவிலக்கு, 1948-ஆம் ஆண்டு அக்டோபரில் சென்னை மாகாணம் முழுமைக்கும் வந்தது. கள் இறக்கிப் பிழைத்த ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு மாற்றுத் தொழில் தேவைப்பட்டது. அதற்கு விடையாகவே பனைவெல்லக் கூட்டுறவுச் சங்கங்கள் மாகாணமெங்கும் பெருகின. கிராமக் கைத்தொழில்களுள் பனைவெல்லமும் ஒன்றாக ஏற்கப்பட்டு, 1957-ஆம் ஆண்டு அமைந்த கதர் கிராமத் தொழில் கமிஷனின் ஆதரவையும் பெற்றது. மதுவிலக்கு 1971-இலும் 1981-இலும் தளர்ந்து பின்னர் மீண்டும் இறுகியது. 1987 முதல் தமிழ்நாட்டில் கள் இறக்குவதற்கு அனுமதி இல்லை. அண்டையிலுள்ள கேரளத்தில் கள்ளுக்கடை சட்டப்படி நடக்கிறது. யாழ்ப்பாணத்திலோ பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கங்கள் தொழிலாளரின் கள்ளைச் சேகரித்துப் போத்தலில் அடைத்து விற்றதோடு, வடமராட்சியில் திக்கம் என்னுமிடத்தில் வடிசாலையும் கண்டன. எது நல்வழி என்னும் வாதத்தில் நாம் இப்போது புகவில்லை. எவ்வழியாயினும், மரம் ஏறுபவர் தனித்து நின்ற இடத்தில் அவர் கையில் மிஞ்சியது சொற்பம். சேர்ந்து நின்ற இடத்திலேதான் அவருக்கு ஒரு பேச்சு இருந்தது. இதை மட்டும் குறிப்பிட விரும்புகிறோம்.

ரயில் வந்தது, போயிற்று

இவ்வூர்ப் பனஞ்சாற்றின் மதிப்பைப் பெரிய வியாபார நிறுவனங்களும் ஒருகாலத்தில் உணர்ந்திருந்தன. பாரி கம்பெனியைச் சார்ந்த கிழக்கிந்திய டிஸ்டிலரி சர்க்கரை ஆலைக் கம்பெனியார் குலசேகரன்பட்டினத்தில் ஓர் ஆலை அமைத்து, சுற்றுவட்டாரக் கருப்பட்டியை வாங்கிச் சர்க்கரையாக்கினர். அதன் பொருட்டு இரண்டடி அகலத் தண்டவாளத்தில் ஒரு சிறு ரயிலும் ஓடிற்று. திசையன்விளையிலிருந்து குலசேகரன்பட்டினம் வழியே திருச்செந்தூர் வரை சென்ற அந்த ரயிலில் சரக்கோடு பிரயாணிகளும் ஏறினர். ஆலை நின்றது, 1940-ஆம் ஆண்டில் ரயிலும் நின்றது.

இதில் ஒரு படிப்பினை உண்டு. ஆலைக்கு வேண்டியிருந்தது சர்க்கரைச் சத்து மட்டுமே. அச்சத்துக் கரும்பில் மலிவாகக் கிடைக்கும்போது பனையை நாட எந்த ஆலைக்கும் காரணமில்லை. வெள்ளைச் சர்க்கரையோடு மலிவில் போட்டியிட்டால் பனை தோற்கும். அன்றும் தோற்றது, இன்றும் தோற்கும். பனைக்கு எஞ்சியிருப்பது அதன் தனிச்சுவையும், மணமும், ஊர்ப் பெயரும். சுக்குக் காப்பிக்கும், உளுந்தங்களிக்கும், பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் மருந்துக்கும் கருப்பட்டிதான் வேண்டும் என்று கேட்டு வாங்குபவர் இன்றும் உளர். அவர் அதிக விலை கொடுப்பது இனிப்புக்காக அன்று. அது கருப்பட்டி என்னும் நம்பிக்கைக்காக. அந்நம்பிக்கை போனால் ஆலையும் ரயிலும் போனவழியே தொழிலும் போகும்.

செக் நாட்டில் ஓர் உதாரணம்

ஊர்ப் பெயரைச் சாற்றோடு சேர்த்துக் காத்தவர்களும் இழந்தவர்களும் பிறநாடுகளிலும் உண்டு. ஐரோப்பாவின் நடுவே உள்ள செக் நாடு பார்லியை முளைகட்டி நொதிக்கவைத்துச் செய்யும் பீருக்குப் பேர்போனது. மதுவைப் புகழ்வது நமது நோக்கமன்று என்பதை அங்கத்தினர்கள் அறிவர். தொழில் நடந்த விதத்தையே இங்கு எடுத்துக்கொள்கிறோம்.

அந்நாட்டில் பில்சன் என்னும் நகரில் பீர் காய்ச்சும் உரிமை பெற்ற வீட்டுக்காரர் பலர் இருந்தனர். அவரவர் காய்ச்சியது அவரவர் தரம். 1838-ஆம் ஆண்டில் அந்நகரத்துச் சரக்கு உண்ணத் தகாததாகி, முப்பத்தாறு பீப்பாய்களை நகர மண்டபத்தின் முன்னே எல்லோரும் காணத் தரையில் கொட்டிவிட்டனர். அதன்பின் அவ்வீட்டுக்காரர்கள் தனித்தனியே காய்ச்சுவதை விட்டுப் பொதுவில் ஓர் ஆலை அமைத்தனர். யோசெப் குரோல் என்னும் கைதேர்ந்த காய்ச்சுவோரை அழைத்தனர். 1842-ஆம் ஆண்டு அக்டோபரில் அவர் அங்கு முதன்முதல் காய்ச்சிய பொன்னிறச் சரக்கு உலகெங்கும் புகழ்பெற்றது. கெட்ட சரக்கை மறைத்து விற்காமல் ஊரறியக் கொட்டியதே அப்புகழின் தொடக்கம் என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஆனால் கதை அத்தோடு முடியவில்லை. பில்சன் நகரின் பெயரையே பல நாட்டு ஆலைகளும் தங்கள் சரக்குக்கு இட்டுக்கொண்டன. நாளடைவில் பில்ஸ்னர் என்பது ஊர்ப் பெயராக இல்லாமல் ஒருவகைப் பீரின் பொதுப்பெயராகிவிட்டது. பெயரைத் தமக்கே உரியதாக நிலைநாட்ட அந்நகரத்தார் பிற்பாடு முயன்றும் முழுதும் கைகூடவில்லை. பட்வைசர் என்னும் பெயருக்கும் இதே தலைவிதி. அது செக் நாட்டுப் புட்வைஸ் நகரைக் குறித்தது. 1876-ஆம் ஆண்டில் அமெரிக்கக் கம்பெனி ஒன்று அப்பெயரைத் தன் பீருக்கு இட்டது. அதன்மேல் எழுந்த வழக்குகள் பல நாட்டு நீதிமன்றங்களில் நூறாண்டுக்கும் மேல் நடந்தன.

சிற்றூர்களின் நிலையும் நோக்கத்தக்கது. பிராக் நகரை அடுத்துள்ள வெல்கே போபோவிட்சே சில ஆயிரம் மக்கள் மட்டுமே வாழும் கிராமம். 1874-ஆம் ஆண்டு முதல் அங்கே பீர் ஆலை நடக்கிறது. ஆட்டுக்கடாச் சின்னம் பொறித்த அதன் சரக்கு பல தேசங்களில் விற்கிறது. இன்று அந்த ஆலை ஜப்பானிய நிறுவனம் ஒன்றின் உடைமை. பெயர் கிராமத்துடையது, இலாபம் செல்லும் இடம் வேறு. செக் நாட்டார் காலங்கடந்தேனும் விழித்துக்கொண்டனர். செக் பீர் என்னும் பெயருக்கு 2008-ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் பாதுகாப்பைப் பெற்றனர். அப்பெயரில் விற்கும் சரக்கு அந்நாட்டில், அதற்கென விதித்த முறையில் காய்ச்சியதாக இருக்கவேண்டும் என்பது சட்டம்.

உடன்குடிக்குக் கிடைத்த முத்திரை

நம் நாட்டிலும் அத்தகைய சட்டம் உண்டு. 1999-ஆம் ஆண்டு இயற்றப்பட்டு 2003-ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த புவிசார் குறியீட்டுச் சட்டம் அது. அதற்கான பதிவகம் சென்னையிலேயே இருக்கிறது. உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கு 2023-ஆம் ஆண்டில் இக்குறியீடு கிடைத்தது. அதே ஆண்டில் ஆத்தூர் வெற்றிலையும், 2020-இல் கோவில்பட்டிக் கடலை மிட்டாயும் இப்பதிவைப் பெற்றன. பத்தமடைப் பாய், காஞ்சிபுரம் பட்டு, பவானி ஜமுக்காளம் ஆகியவையும் பதிவு பெற்றவையே.

ஆனால் பலர் எண்ணுவதுபோல் பதிவு ஒன்றே காவலாகிவிடாது. பதிவு பெற்ற பெயரை முறைப்படி பயன்படுத்த ஒவ்வோர் உற்பத்தியாளரும் அங்கீகாரம் பெற்ற பயனாளர் எனத் தனியே பதிந்துகொள்ள வேண்டும். பதிவு பத்தாண்டுக்கு மட்டும். உரிய காலத்தில் புதுப்பிக்கவேண்டும். பெயரைப் பொய்யாகப் பயன்படுத்துவோர்க்கு ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறையும், ஐம்பதினாயிரம் முதல் இரண்டு இலட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. எனினும் புகார் செய்வார் இல்லையேல் தண்டனை யாருக்கு? விடிலியில் காய்ச்சும் தனி ஒரு குடும்பம் தூரத்து நகரக் கடையில் நடக்கும் மோசடியைக் கண்டுபிடித்து வழக்காட இயலுமா? சங்கம் இயலும்.

மோசடி யாதெனில், வெள்ளைச் சர்க்கரையையோ ஆலைக் கழிவுப்பாகையோ கலந்து காய்ச்சிய சரக்கு கருப்பட்டி என்னும் பெயரில் விற்பதே. சீனிக் கருப்பட்டி என்று இப்பகுதியார் அதை இகழ்வர். இது ஏன் நடக்கிறது என்பதை நேர்மையாக நோக்கவேண்டும். எட்டுப் பத்து லிட்டர் பதனீருக்கு எத்தனை மரம் ஏறவேண்டும் என்பதை மேலே கண்டோம். அதே இனிப்பைச் சர்க்கரை மூட்டையிலிருந்து பெற ஒரு மரமும் ஏறவேண்டாம். பருவம் முடிந்த மாதங்களிலும் அடுப்பு எரியலாம். பனையேறுபவர் தொகை ஆண்டுதோறும் குறைகிறது. கேட்பவர் தொகையோ குறையவில்லை. அந்த இடைவெளியைச் சீனி நிரப்புகிறது.

கண்ணாலும் நாவாலும் கலப்படத்தைக் காண முதியோர் சில குறிகள் சொல்வர். மழைக்காலத்தில் இளகுவது நல்லது, உடைத்த வாயில் கண்ணாடிபோல் மின்னுவது சந்தேகத்துக்குரியது என்பன அவை. பழக்கமுள்ளவர்க்கு இக்குறிகள் உதவும். ஆயினும் நீதிமன்றத்தில் சாட்சியாகா. விஞ்ஞானத்தில் உறுதியான சோதனை உண்டு. கரும்பு காற்றிலிருந்து கரியை ஏற்கும் முறை ஒன்று. பனை ஏற்கும் முறை வேறு. அதனால் இரண்டின் சர்க்கரையிலும் கரியின் இருவகை அணுக்கள் கலந்திருக்கும் விகிதம் மாறுபடும். காய்ச்சினாலும் நிறமேற்றினாலும் இவ்விகிதம் மறையாது. ஆய்வுக்கூடத்தில் அதை அளந்து கரும்புச் சர்க்கரை கலந்துள்ளதா என அறியலாம். தனி ஒருவர்க்கு இச்செலவு பாரம், சங்கத்துக்கு அன்று.

சங்கம் செய்யத்தக்கவை

முதலாவது, முன்பணம். பருவம் தொடங்குமுன் பனையேறியின் வீட்டில் கையிருப்பு இராது. கலயம், நார், அரிவாள், வீட்டுச் செலவு யாவற்றுக்கும் வியாபாரியிடம் முன்பணம் வாங்கினால் சரக்கு அவர் சொன்ன விலைக்கே போகும். நல்ல சரக்குக்கும் கலப்புச் சரக்குக்கும் ஒரே விலை என்றால் நல்லது செய்ய யாருக்கு ஊக்கம் பிறக்கும்? பருவக்கடனைச் சங்கமே கொடுத்துச் சரக்கால் கழித்துக்கொள்வது சீர்திருத்தத்தின் முதற்படி.

இரண்டாவது, தரமறிந்து கொள்முதல். எடை போடுமிடத்திலேயே பதமும் நிறமும் பார்த்து வகைப்படுத்தி, உயர்ந்த வகைக்கு உயர்ந்த விலை அன்றே கொடுக்கவேண்டும். பெட்டியின்மேல் ஊர்ப் பெயரும், காய்ச்சிய பருவமும் ஆண்டும் அச்சிடவேண்டும். பருவம் அல்லாத மாதத்தில் புதிதாகக் காய்ச்சியது என்று வருவதைச் சங்கம் தொடவே கூடாது. சேமித்து வைத்த பழஞ்சரக்கைப் பழஞ்சரக்கு என்றே சொல்லி விற்பதில் இழுக்கில்லை.

மூன்றாவது, சோதனையும் கண்டிப்பும். ஒவ்வொரு பருவத்திலும் முன்னறிவிப்பின்றி எடுத்த மாதிரிகளை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி, முடிவைச் சங்கப் பலகையில் ஒட்டவேண்டும். நம் அங்கத்தினரின் சரக்கிலேயே கலப்பு இருப்பின் தாட்சண்யம் பாராமல் அதை ஒதுக்கவேண்டும். இது கடுமையாகத் தோன்றலாம். ஒருவர் செய்யும் கலப்பின் நஷ்டத்தை ஊரார் அனைவரும் தாங்குவதைவிடக் கடுமை எதுவும் இல்லை.

நான்காவது, உழைப்பாளிக்குக் காவல். விபத்துக் காப்பீடு, ஏறுவதற்குப் பாதுகாப்பான சாதனம், பருவமற்ற மாதங்களுக்கு ஓலைப்பெட்டி, தும்பு முதலிய துணைவேலை ஆகியவற்றைச் சங்கம் ஏற்படுத்தினால்தான் இளைஞர் இத்தொழிலில் நிற்பர். கருப்பட்டியின் பதம் பெண்டிர் கையில் இருக்கிறது. அவர்களைக் கணவரின் பெயரில் அடக்காமல் தத்தம் பெயரிலேயே அங்கத்தினராகச் சேர்த்துப் பங்குத்தொகையும் வாக்கும் அளிக்கவேண்டும்.

ஐந்தாவது, மரம். பனை 1978 முதல் நம் மாநில மரம். 2021-ஆம் ஆண்டு வேளாண்மை வரவு செலவுத் திட்டத்தில் 76 இலட்சம் பனைவிதை ஊன்றவும், மாவட்ட ஆட்சியரின் அனுமதியின்றிப் பனையை வெட்டலாகாது எனவும் அறிவிப்பு வந்தது. வரவேற்கத்தக்கதே. ஆயினும் இன்று ஊன்றும் கொட்டை பாளை விடப் பதினைந்து ஆண்டு ஆகலாம். அவ்வளவு காலம் பொறுத்திருந்து காக்க ஒரு தனி மனிதருக்குத் தெம்பு குறைவு. ஆண்டு பல கடந்தும் நிற்கும் சங்கத்துக்கே அது எளிது.

நெசவாளருக்கும் இதுவே நியாயம்

இக்கட்டுரையைப் படிக்கும் நெசவாள அங்கத்தினர்கள், பனையேறியின் கதை நமக்கு எதற்கு என்று எண்ணலாகாது. விசைத்தறியில் ஓடிய துணி கைத்தறி என்னும் பெயரில் விற்கும்போது நேர்வதும் இதுவே. சில பொருள்களைக் கைத்தறிக்கென ஒதுக்கிய 1985-ஆம் ஆண்டுச் சட்டமும், 2006-இல் வந்த கைத்தறி முத்திரையும் நம்மிடம் இருக்கின்றன. ஆனால் முத்திரை தானாகக் காவல் காக்காது. முத்திரையிடும் கை நேர்மையானதாகவும், மோசடியைக் காணும் கண் விழிப்பாகவும் இருக்கவேண்டும். பாய் முடைபவர், வெற்றிலைக் கொடிக்காலில் உழைப்பவர், தறியில் அமர்ந்தவர், பனை ஏறுபவர் ஆகிய எல்லோருக்கும் வழக்கு ஒன்றே. அவர்கள் விற்பது பண்டத்தோடு கூடிய வாக்குறுதியை.

குலசேகரன்பட்டினத்திலிருந்து நாளை ராக்கெட்டுகள் விண்ணுக்கு எழும். உலகத்தார் இவ்வூர்ப் பெயரை வேறொரு காரணத்துக்காக உச்சரிப்பர். அது நமக்கும் பெருமையே. அதே வேளையில் அவ்வூரைச் சுற்றியுள்ள விடிலிகளில் அடுப்பு அணையாதிருக்கவேண்டும். வரும் பங்குனிக்குள் பனைவெல்லச் சங்கங்கள் தத்தம் பேரவையைக் கூட்டி, பருவக்கடன், தரக் கொள்முதல், பயனாளர் பதிவு ஆகிய மூன்றையும் தீர்மானமாக நிறைவேற்றிச் செயலில் இறங்குமாறு கேட்டுக்கொள்கிறோம். பிற சங்கத்தார் தம் வீட்டுக்குக் கருப்பட்டி வாங்கும்போது ஊரும் பருவமும் கேட்டு, சங்கத்துச் சரக்கையே வாங்குவதும் ஒரு கூட்டுறவுப் பணியே. கலயத்தில் தடவும் சுண்ணாம்பு சாற்றைப் புளிக்காமல் காப்பதுபோல, ஊர்ப் பெயரைக் கெடாமல் காக்கும் பொறுப்பு சங்கத்தினுடையது.